பின்னிருக்கையில் ஓர் அமானிதம்

மனிதன் மறதியாளன். அரபு மொழியில் மறதிக்கு ‘நிஸ்யான்’ என்று பெயர். மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் சொல்லே அதிலிருந்துதான் பிறந்தது என்று மொழி அறிஞர்களில் ஒரு சாரார் கூறுவர். ஆதி பிதா ஆதம் (அலை) அவர்கள் தமக்கு இடப்பட்ட கட்டளையை மறந்தார்கள் என்று ‘தாஹா’ அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான் (20:115). தந்தைக்கு ஏற்பட்டது மக்களுக்கும் ஏற்படுகிறது. தொழுகையில் ரக்அத்தை மறக்கிறோம். நோன்பில் மறந்து தண்ணீர் குடிக்கிறோம். கொடுத்த கடனை மறக்கிறோம். வாங்கிய கடனையோ இன்னும் எளிதாக மறக்கிறோம்.

இந்த மறதி ஓர் உயிரைப் பற்றியதாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? பெற்ற பிள்ளையைக் காரின் பின்னிருக்கையில் மறந்து விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவது இன்று உலகின் பல பாகங்களிலும் நடந்து வருகிறது. நம் சமுதாயத்தில் கார் என்பது செல்வந்தர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. ஊரில் நடுத்தரக் குடும்பங்களிலும் கார் நிற்கிறது. துபையிலும் தோஹாவிலும் ரியாதிலும் குடும்பத்தோடு வாழும் நம் சகோதரர்களுக்கோ அது அன்றாடத் தேவை. ஆகவே இதைப் பிற நாட்டுச் செய்தியாக எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், நம் வீட்டுப் பாடமாகவே படித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நடந்தவை

2022 செப்டம்பரில் கத்தார் நாட்டின் அல்வக்ரா நகரில், கேரளத்தைச் சேர்ந்த குடும்பத்தின் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளி வாகனத்தில் ஏறினாள். வழியில் தூங்கிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் இறங்கியதும், உள்ளே யாரும் இல்லை என்று எண்ணி வாகனத்தைப் பூட்டிச் சென்றுவிட்டார்கள். வெயிலில் நின்ற அந்த வாகனத்திற்குள் அவள் உயிர் பிரிந்தது. அன்று அவளுக்குப் பிறந்த நாள். அந்த மழலையர் பள்ளியை மூடும்படி அந்நாட்டு அரசு உத்தரவிட்டது.

அதே மாதத்தில் ஜப்பானில் மகினொஹரா என்ற ஊரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இதே போலப் பள்ளி வாகனத்தில் விடப்பட்டு இறந்தாள். ஒழுங்குக்கும் கவனத்துக்கும் பெயர் பெற்ற நாடு அது. அங்கேயும் நடந்தது.

அமெரிக்காவில் இத்தகைய மரணங்களை ஜான் நல் என்ற வானிலை அறிஞர் 1998ஆம் ஆண்டு முதல் தொகுத்து வருகிறார். அவருடைய கணக்கின்படி அந்த ஒரு நாட்டில் மட்டும் இதுவரை 1000க்கு மேற்பட்ட குழந்தைகள் வாகன வெப்பத்தால் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 37 என்ற அளவில் வருகிறது. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெற்றோராலோ பொறுப்பாளராலோ மறந்து விடப்பட்டவர்கள். ஏறத்தாழக் கால் பங்கினர் தாமாகவே நிறுத்தி வைத்த காரில் ஏறிக்கொண்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர், ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று தெரிந்தே விட்டுச் செல்லப்பட்டவர்கள்.

நம் நாட்டில் இரண்டாவது வகையே அதிகம் கேள்விப்படுகிறோம். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் இறந்தார்கள். 2025 மே மாதத்தில் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் இதே முறையில் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கார் ஓடவில்லை, மோதவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது.

காருக்குள் நடப்பது என்ன?

கண்ணாடி வழியே வெயில் உள்ளே புகுகிறது. இருக்கையும் முன்பலகையும் சூடேறி, அந்தச் சூட்டை உள்ளிருக்கும் காற்றுக்குக் கொடுக்கின்றன. மூடிய பெட்டிக்குள் அகப்பட்ட அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் மேலும் மேலும் சூடாகிறது.

இதை ஜான் நல் அவர்களும் இரு மருத்துவர்களும் சேர்ந்து அளந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ், அதாவது நம் ஊரில் மார்கழிக் காலையைப் போன்ற இதமான நாளில்கூட, ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் 47 டிகிரியை எட்டியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. முதல் பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 டிகிரி கூடிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் எதுவும் இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இனி நம் சித்திரை வெயிலையும் வளைகுடாவின் ஆகஸ்ட் மாதத்தையும் நினைத்துப் பாருங்கள். வெளியிலேயே 40 டிகிரி இருக்கும்போது, பத்து நிமிடத்தில் உள்ளே 50 ஆகிவிடும். ‘கடையில் ஒரு சாமான் வாங்கி வந்துவிடுகிறேன்’ என்று சொல்லும் நேரம் அதுதான்.

குழந்தையின் உடல் பெரியவர் உடலைப் போன்றதன்று. அது பெரியவர் உடலை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறுகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். வியர்த்துத் தணிந்துகொள்ளும் ஆற்றலும் அதற்குக் குறைவு. உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தொட்டால் வெப்பத் தாக்கு ஏற்படுகிறது. 42 டிகிரியை நெருங்கும்போது மூளையும் ஈரலும் செயல் இழக்கின்றன. பச்சிளம் குழந்தைக்குப் பட்டையை அவிழ்க்கத் தெரியாது. கதவைத் திறக்கத் தெரியாது. மூடிய கண்ணாடிக்குள் அது அழும் குரல் தெருவில் போகிறவர் காதில் விழுவதும் அரிது.

பெற்ற பிள்ளையை மறக்க முடியுமா?

இச்செய்தியைக் கேட்ட எந்தத் தாயும் முதலில் சொல்வது, “பெற்ற பிள்ளையை மறப்பாளா ஒருத்தி? அவளெல்லாம் ஒரு உம்மாவா?” என்பதுதான். இந்தச் சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘அன்பில்லாதவர்களுக்குத்தான் இது நேரும், நமக்கு நேராது’ என்று முடிவு கட்டியவர் எந்த முன்னேற்பாடும் செய்துகொள்ள மாட்டார்.

அமெரிக்காவின் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் டேவிட் டயமண்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் விளக்குவதன் சுருக்கம் இது: மனித மூளையில் நினைவு ஒரே வகையானதன்று. பழக்கத்தால் தானே நடக்கும் நினைவு ஒன்று. ‘இன்று இதைச் செய்ய வேண்டும்’ என்று முயன்று பிடித்து வைக்கும் நினைவு மற்றொன்று. தினமும் வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் ஒருவர், யோசிக்காமலே அந்த வழியில் வண்டியைச் செலுத்திவிடுகிறார். அது பழக்க நினைவு. இன்று மட்டும் பிள்ளையை நடுவில் ஓரிடத்தில் இறக்கிவிட வேண்டும் என்பது முயற்சி நினைவு. தூக்கமின்மை, கவலை, அவசரம், வழியில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவை சேர்ந்தால் பழக்க நினைவு மற்றதை அடக்கிவிடுகிறது. பிள்ளையை இறக்கிவிட்டதாகவே மனம் நம்பிக்கொள்கிறது. அன்பு குறைந்ததால் நடப்பதன்று இது. வரும் வழியில் மருந்து வாங்கி வரச் சொன்ன வாப்பாவின் வார்த்தையை மறந்து நேரே வீட்டுக்கு வந்து நிற்கிறோமே, அதே மறதிதான் இதுவும்.

குழந்தை தூங்கிவிடுகிறது, ஆகவே சத்தம் இல்லை. அது பின்னிருக்கையில் இருக்கிறது. ஆகவே கண்ணில் படுவதில்லை. பின்னோக்கிப் பொருத்திய குழந்தை இருக்கையோ, பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று போலவே தெரியும். இதற்காகக் குழந்தையை முன்னிருக்கைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. மோதலின்போது முன்னால் விரியும் காற்றுப்பை சிறு குழந்தையைக் கொன்றுவிடும். பின்னிருக்கையே சரியான இடம். மறதிக்கு வேறு வழியில் அணை போட வேண்டும்.

திருமறை காட்டும் இரு படிப்பினைகள்

‘கஹ்ஃபு’ அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் அவர்களுடைய இளந்தோழரும் சென்ற பயணம் கூறப்படுகிறது. ஹிள்ரு (அலை) அவர்களைச் சந்திக்கும் இடத்துக்கு அடையாளமே அவர்கள் கூடையில் எடுத்துச் சென்ற மீன்தான். அந்த மீனையே இருவரும் மறந்துவிட்டார்கள் என்கிறது திருமறை (18:61). எதற்காகப் புறப்பட்டார்களோ அதன் அடையாளமே மறந்து போயிற்று. மறந்தவர்கள் யார்? ஒருவர் உலுல் அஸ்மு என்னும் உறுதி மிக்க ரசூல்மார்களில் ஒருவர். மற்றவர் அவர்களிடம் பயின்ற உத்தமத் தோழர். அடுத்த வசனத்திலேயே பயணக் களைப்பைப் பற்றிய பேச்சும் வருகிறது. மிக முக்கியமான பொருளும் மறக்கும். உடன் ஒருவர் இருந்தும் மறக்கும். களைப்பிருக்கும்போது மறதியும் அருகில் இருக்கும். இவை மூன்றும் நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

‘யூஸுஃப்’ அத்தியாயத்தில் மற்றொன்று. சிறு பிள்ளையை விளையாட அழைத்துச் செல்லக் கேட்ட மக்களிடம் யஃகூப் (அலை) அவர்கள் தம் அச்சத்தைச் சொன்னார்கள். ‘நீங்கள் பராக்காக இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ’ என்பதே அந்த அச்சம் (12:13). அதற்கு மக்கள், தாங்கள் ஒரு கூட்டமாக இருக்கும்போது அப்படி நடக்குமா என்று பதில் சொன்னார்கள். அவர்கள் உள்ளத்தில் வஞ்சகம் இருந்தது என்பது வேறு. ஆனால் தந்தை அஞ்சியது சரியான அச்சம். கூட்டம் இருப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. கலியாண வீடுகளில் நாம் காண்பது என்ன? காரிலிருந்து பத்துப் பேர் இறங்குகிறார்கள். பிள்ளை உம்மாவிடம் இருப்பதாக வாப்பா நினைக்கிறார். மாமியிடம் இருப்பதாக உம்மா நினைக்கிறாள். பெரியவள் தூக்கிப் போயிருப்பாள் என்று மாமி நினைக்கிறாள். பத்துப் பேர் இருந்தும் பிள்ளைக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லை.

மார்க்கம் மறதியை எப்படிக் கையாள்கிறது?

“மறதி மன்னிக்கப்பட்டதுதானே? நாங்கள் மறந்துவிட்டாலோ தவறிவிட்டாலோ எங்களைக் குற்றம் பிடிக்காதே என்று துஆ கேட்கும்படி அல்லாஹ்வே கற்றுத் தந்திருக்கிறானே?” என்று சிலர் கேட்கலாம். உண்மை. பகரா அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் அந்த துஆ உள்ளது (2:286). ஆனால் அதற்கு நான்கு வசனங்களுக்கு முன்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். திருமறையின் மிக நீண்ட வசனம் அதுதான் (2:282). அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. சாட்சி வையுங்கள், ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்டலாம் என்று காரணமும் சொல்கிறது.

மறதியை மன்னிக்கும் அதே இறைவன், மறதிக்கு ஏற்பாடும் செய்துகொள்ளச் சொல்கிறான். நூறு ரூபாய்க் கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமென்றால், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த ஓர் உயிருக்கு எத்தனை ஏற்பாடு வேண்டும்!

மறந்து தொழுகையை விட்டவர் மீது பாவம் இல்லை. ஆனால் நினைவு வந்ததும் அதைத் தொழுதாக வேண்டும். இதிலிருந்து, மறதி பாவத்தை நீக்கினாலும் பொறுப்பு முழுவதையும் நீக்கிவிடுவதில்லை என்பது தெரிகிறது. தவறுதலாக ஓர் உயிர் போவதற்குக் காரணமானவர் மீதுள்ள கடமைகளைப் பற்றி ‘நிஸா’ அத்தியாயத்தின் 92ஆம் வசனம் பேசுகிறது. பிள்ளையை மறந்து இப்படிப்பட்ட துயரம் நேர்ந்துவிட்ட குடும்பத்தார், தங்கள் மீது பரிகாரம் உண்டா என்பதைத் தங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் முழு விவரமும் கூறிக் கேட்டறிய வேண்டும். நாமாக ஒன்றைச் சொல்லி அவர்கள் துயரத்தைப் பெருக்கவும் கூடாது; மார்க்கத்தை இலேசாக்கவும் கூடாது.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டிலேயே முடித்து ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பள்ளிவாசலில் அபூபக்ரு (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்கள் இருந்தார்கள். மரியாதை அச்சத்தால் அவர்கள் பேசவில்லை. துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர் மட்டும், தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடியவில்லை. மற்றவர்களிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டு, விடுபட்டதை நிறைவு செய்து, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. தாமும் ஒரு மனிதர்தாம், பிறர் மறப்பது போலத் தாமும் மறப்பதுண்டு, மறந்தால் நினைவூட்ட வேண்டும் என்று வேறொரு சமயத்தில் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

இதில் வீட்டாருக்கு ஒரு பாடம் உண்டு. “பிள்ளையை இறக்கிவிட்டீர்களா?” என்று மனைவி தொலைபேசியில் கேட்டால், “எனக்குத் தெரியாதா? என்னை நம்பவில்லையா?” என்று சீறும் கணவர்கள் உண்டு. அல்லாஹ்வின் தூதரே நினைவூட்டச் சொல்லியிருக்கும்போது நமக்கு என்ன கௌரவம் கெட்டுவிடுகிறது? கேட்பவர் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். பள்ளி வாகனத்தில் உதவியாளாக இருக்கும் சிறு பையன் ஓட்டுநரிடம் கேட்கவும், ஆயா தலைமை ஆசிரியையிடம் கேட்கவும் இடம் இருக்க வேண்டும்.

தவக்குல் என்பது எது?

“ஆயுள் முடிந்தால் வீட்டிலும் போகும், காரிலும் போகும். எல்லாம் கத்ரு” என்று கூறிக் கையைக் கட்டிக்கொள்வோர் உண்டு. கத்ரின் மீது ஈமான் கொள்வது நம் கடமை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்து விட்டுச் சாட்டுவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வந்துள்ளது. இரவில் படுக்கும்போது கதவை அடைக்கவும், பாத்திரங்களை மூடவும், விளக்கை அணைக்கவும் அவர்கள் பணித்திருக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக் கூடும் என்று காரணமும் சொன்னார்கள். ஓர் எலியால் வரக்கூடிய ஆபத்தையும் முன்கூட்டி எண்ணிப் பார்த்து உம்மத்துக்கு வழி சொன்ன நாயகம் அவர்கள்! ஆகவே வீட்டாரின் பாதுகாப்புக்காக முன்னேற்பாடு செய்வதும் ஸுன்னத்தான வழியைச் சேர்ந்ததே.

ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸை நாம் எல்லாரும் அறிவோம். ஆணைத் தம் குடும்பத்தாருக்கும், பெண்ணைத் தன் கணவனின் இல்லத்துக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளர் என்று அதே ஹதீஸ் தனித்தனியே சொல்கிறது. ‘அவர் பார்த்துக்கொள்வார்’, ‘அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று ஒருவர் மீது ஒருவர் சாட்ட அதில் இடமில்லை.

ஒட்டகத்தைக் கட்டும் முறைகள்

இனி நடைமுறைக்கு வருவோம். பின்வருவனவற்றில் செலவுள்ளது எதுவும் இல்லை. பழக்கமாக்கிக்கொள்வது மட்டுமே வேண்டும்.

1. காரை நிறுத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டே பூட்டுங்கள். பிள்ளை உடன் வராத நாளிலும் பாருங்கள். தினமும் செய்வதுதான் பழக்கமாகும். பழக்கமானதுதான் களைத்த நாளிலும் தானே நடக்கும்.

2. இறங்கியதும் உங்களுக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும் ஒரு பொருளைப் பிள்ளையின் அருகில் வையுங்கள். கைப்பை, தொலைபேசி, அலுவலக அடையாள அட்டை ஏதேனும் ஒன்று. இடது கால் செருப்பைக் கழற்றிப் பின்னால் வைப்போரும் உண்டு. செருப்பில்லாமல் சுடுதரையில் ஓர் அடி வைத்தாலே நினைவு வந்துவிடும்.

3. பிள்ளையின் இருக்கையில் எப்போதும் ஒரு பொம்மையை வைத்திருங்கள். பிள்ளையை அமர்த்தும்போது அந்தப் பொம்மையை எடுத்து ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் வையுங்கள். முன்னால் பொம்மை இருந்தால் பின்னால் பிள்ளை இருக்கிறது என்று பொருள்.

4. பிள்ளையைக் கைமாற்றும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள். வாயால் சொல்லி வாங்குங்கள். “தம்பி உங்கள் பொறுப்பு.” “ஆம், என் பொறுப்பு.” அமானிதத்தை ஒப்படைப்பதில் இந்த இரு சொற்கள் சாட்சிக்குச் சமம்.

5. வழக்கமாகப் பிள்ளையைக் கொண்டு விடுபவர் இன்று மாறினால், அந்த நாளை ஆபத்தான நாளாகக் கருதுங்கள். விட்டதும் சேதி சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் சேதி வராவிட்டால் மற்றவர் உடனே அழைக்க வேண்டும்.

6. ஒரு நிமிட வேலையாயினும் பிள்ளையைத் தனியே காரில் விடாதீர்கள். குளிர்சாதனத்தை ஓட விட்டுச் செல்வதும் பாதுகாப்பன்று. இயந்திரம் நின்றுவிடலாம், பிள்ளை எதையேனும் திருகிவிடலாம். ஜமாஅத் தவறிவிடுமே என்று தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டுப் பள்ளிவாசலுக்குள் ஓட வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதிருக்கிறார்கள். பிள்ளையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியும் இருக்கிறார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லுங்கள்.

7. ரமளானில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தராவீஹுக்குப் பின் சற்றுத் தூங்கி, ஸஹருக்கு எழுந்து, பகலில் நோன்போடு வண்டி ஓட்டுகிறோம். தூக்கக் குறைவு மறதிக்கு வாசல். புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டிலும் இதே நிலைதான்.

8. வீட்டில் நிற்கும் காரை எப்போதும் பூட்டி வையுங்கள். சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். காருக்குள் ஒளிந்து விளையாடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைக்கு, மாட்டிக்கொண்டால் ஹாரனை விடாமல் அடிக்கவும், முன்கதவு வழியே வெளியேறவும் பழக்குங்கள். பின்கதவுகளில் உள்ள குழந்தைப் பூட்டு உள்ளிருந்து திறக்க விடாது.

9. பிள்ளையைக் காணோம் என்றால் தெருவெல்லாம் ஓடும் முன்னர் தண்ணீர்த் தொட்டியையும் கிணற்றையும் பாருங்கள். உடனே காரையும் அதன் டிக்கியையும் திறந்து பாருங்கள்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ நமக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளது. மேற்கூறிய ஏற்பாடுகளை அதைப் போன்ற ஸுன்னத்தாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இவை வழிபாடு அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்ற உலக ஏற்பாடுகள். ஆயினும் அமானிதத்தைப் பேணும் நிய்யத்துடன் செய்தால் கூலி உண்டு என்று அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கலாம்.

மதரஸா, பள்ளி நிர்வாகிகளுக்கு

மக்தபுகளுக்கும் நம் பள்ளிகளுக்கும் இன்று வேன்களிலும் ஆட்டோக்களிலும் பிள்ளைகள் வருகிறார்கள். ஏறும்போது ஓர் எண்ணிக்கை, இறங்கும்போது ஓர் எண்ணிக்கை இருக்க வேண்டும். இரண்டையும் எழுதி ஒப்பிட வேண்டும். கடைசிப் பிள்ளை இறங்கியதும் ஓட்டுநர் கடைசி இருக்கை வரை நடந்து சென்று, இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்த பிறகே பூட்ட வேண்டும். சிறு பிள்ளைகள் தூங்கிச் சரிந்து கீழே கிடப்பதுண்டு.

மேலே கூறிய துயரத்துக்குப் பின் ஜப்பான் அரசு 2023 ஏப்ரல் முதல் பள்ளி வாகனங்களில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அவற்றில் ஒரு வகை, இயந்திரத்தை நிறுத்தியதும் ஒலிக்கத் தொடங்கும். ஓட்டுநர் வாகனத்தின் பின்கோடி வரை நடந்து சென்றுதான் அதை நிறுத்த முடியும். இத்தாலி நாடு நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் இருக்கைகளில் நினைவூட்டும் கருவி வேண்டும் என்று 2018இல் சட்டம் இயற்றி, 2019 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. நம்மிடம் கருவி இல்லாவிட்டாலும் கால்கள் இருக்கின்றன. பின்கோடி வரை நடந்து பார்க்கலாம்.

இன்னொன்று: வர வேண்டிய பிள்ளை வரவில்லை என்றால் பத்து நிமிடத்துக்குள் வீட்டுக்குத் தொலைபேசி செய்யும் வழக்கத்தை உஸ்தாதுகள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மறந்து விடப்பட்ட ஓர் உயிரை அந்த ஓர் அழைப்பு காப்பாற்றிவிடக் கூடும். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்பது திருமறையின் தீர்ப்பு (5:32).

கண்டவர் கடமை

பூட்டிய காருக்குள் குழந்தை தனியே இருப்பதைக் கண்டால், ‘நமக்கென்ன வம்பு’ என்று நகர்ந்துவிடக் கூடாது. உரிமையாளரைத் தேடி ஆள் அனுப்புங்கள். அதே நேரத்தில் நம் நாட்டில் 108க்கும், ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் 999க்கும் தொலைபேசி செய்யுங்கள். குழந்தை துவண்டிருந்தால், அல்லது அழைத்தும் அசையாவிட்டால், காத்திராமல் அதற்குத் தொலைவான பக்கத்துக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுங்கள். கண்ணாடிக்கு விலை கொடுத்துவிடலாம்.

எடுத்ததும் நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். ஆடைகளைத் தளர்த்தி, உடலெங்கும் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். மருத்துவ உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். நினைவு தெளியாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

இழந்தவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறை

இத்தகைய செய்தி வந்தால் கைத்தொலைபேசிகளில் வசைமாரி பொழிகிறது. பெற்றவர்களைக் கொலைகாரர்கள் என்கிறார்கள். வேண்டுமென்றே விட்டுச் சென்றார்களா, மறந்தார்களா என்பதை விசாரிப்பது அதிகாரிகளின் வேலை. மறதியால் பிள்ளையை இழந்த தாய்க்கு, உலகம் சொல்லும் எந்தச் சொல்லும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதை விடக் கொடியதாக இராது. அவளிடம் நாம் கொண்டு செல்ல வேண்டியது ஆறுதல். பருவமடையாமல் இறந்த பிள்ளைகள் பெற்றோருக்கு நரகத்தைத் தடுக்கும் திரையாவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கும் நன்மாராயம் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. அதை அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு நம் வீட்டுக்குத் திரும்பி, நம் கார்ச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அன்பார்ந்த வாசகர்களே! இதைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ளவர்களை அழைத்து உட்கார வையுங்கள். யார் பிள்ளையை ஏற்றுவது, யார் இறக்குவது, யார் யாருக்குச் சேதி சொல்வது என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள். காரே இல்லாத வீட்டாரும் இதைக் கேட்கட்டும். அவர்கள் பிள்ளையும் யாருடைய வேனிலோ ஏறத்தான் போகிறது.

மறதி நம் இயல்பு; மறதியை அறிந்து நடப்பது நம் கடமை. நம் பிள்ளைகளாகிய அமானிதத்தைப் பேணிக் காக்கும் விழிப்பையும், நாம் விழிக்கத் தவறும் நேரங்களில் தன் தனிப்பெரும் பாதுகாப்பையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.